நடுக்கம்பியில் ஒரு குழந்தை: புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளும் மனத்தின் வகைப்பாடும்

ஜென்ட்ஸ் சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் கம்பியைத் தமிழ்நாட்டில் ‘பார்’ என்பார்கள். கால் எட்டாத சிறுவர்கள் அதற்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் காலைப் பின்னால் வீசி ஏறுவார்கள். சேலை கட்டியவருக்கு அதுவே குறுக்கே நிற்கும் கம்பி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது, அங்கிருந்த பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்திருந்தது, ஏனென்றால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்த இந்தச் சிறு விவரம், மனம் தன் பொது அறிவை எப்படி அடுக்கி வைக்கிறது, அந்த அடுக்கு எப்போது கலைகிறது என்ற பெரிய கேள்வியைத் திறந்துவிடுகிறது.

மனம் உலகத்தை ஒவ்வொரு பொருளாகப் பார்ப்பதில்லை, வகை வகையாகப் பார்க்கிறது. ஒரு வகைக்குள்ளும் எல்லா உறுப்பினருக்கும் சம இடம் கிடையாது. உளவியலாளர் எலினார் ரோஷ் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ‘வாகனம்’ என்ற வகைக்கு எது நல்ல எடுத்துக்காட்டு என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். கார் முன்வரிசையில் வந்தது. சைக்கிளுக்கு அதற்குப் பின்னால்தான் இடம்.

வகைகளைக் கோத்து நிற்பது ஸ்கீமா, அதாவது அறிவுச் சட்டகம். இங்கிலாந்து உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் இதை விளக்கினார். அவர் படிக்கக் கொடுத்த வட அமெரிக்கப் பழங்குடிக் கதையை ஆங்கிலேய வாசகர்கள் திருப்பிச் சொன்னபோது, பழக்கமில்லாத பகுதிகள் உதிர்ந்தன. தோணி சாதாரணப் படகாயிற்று. மார்வின் மின்ஸ்கி 1970களில் இதே கருத்துக்குக் கணினித் துறையில் இன்னொரு வடிவம் கொடுத்தார். சட்டகத்தில் காலி இடங்கள் உண்டு. தகவல் வராதவரை ஒவ்வொன்றிலும் வழக்கமான விடை ஒன்று தானாகவே அமர்ந்திருக்கும் என்றார். அந்த விடை யாரும் சொல்லித் தந்ததாக இருக்க வேண்டியதில்லை, தினம் தினம் கண்ணில் பட்டதே போதும்.

‘சைக்கிள் ஓட்டுதல்’ என்ற சட்டகத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஓட்டுபவர் யார்? பின்னால் இருப்பவர் யார்? சுமை என்ன? எங்கே போகிறார்கள்? ‘மாமா சைக்கிளில் வந்தார்’ என்றால் மனம் அவரைச் சீட்டில் உட்கார வைக்கும். ‘அத்தை சைக்கிளில் வந்தார்’ என்றால் அந்நாளில் பெரும்பாலோர் மனம் அவரைக் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார வைத்திருக்கும். வாக்கியம் ஒன்றே. ஓட்டுபவர் என்ற காலி இடத்தை நிரப்பியது இலக்கணம் அல்ல, ஊர் வழக்கம்.

இந்தச் சட்டகத்தோடுதான் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் மோதியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தறிவுப் பணியோடு சைக்கிள் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்யப்பட்டது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர், ஆசிரியைகள் எனப் பலதரப்பட்டவர்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்தபடி புதுக்கோட்டை நகரைச் சுற்றி வந்தார்கள். பொது இடங்களில் நடந்த சைக்கிள் போட்டிகளிலும் காட்சிகளிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டியதாகச் சாய்நாத் எழுதுகிறார்.

இங்கே எண்ணிக்கை வெறும் பெருமைக்கான கணக்கு அல்ல. மாற்றத்தின் விசையே அதில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டகத்துக்குப் பொருந்தாத ஒருவரைக் கண்டதும் மனம் சட்டகத்தை மாற்றுவதில்லை, அவரைத் தனியே ஒதுக்குகிறது. உளவியலாளர்கள் ரெனீ வெபரும் ஜெனிஃபர் குரோக்கரும் 1983இல் வெளியிட்ட சோதனைகள் இதைக் காட்டின. முரண்பட்ட தகவல்கள் ஓரிருவரிடம் குவிந்திருந்தால், அவர்கள் ஒரு துணைவகையாக ஒதுக்கப்பட்டார்கள்; பழைய எண்ணம் பிழைத்தது. அதே தகவல்கள் பலரிடம் பரவியிருந்தபோது எண்ணமே அசைந்தது. ஒரு கிராமத்துக்கு வேலைக்கு வரும் நர்ஸ் மட்டும் சைக்கிளில் வந்தால், “அவங்க வெளியூரு, படிச்சவங்க” என்று சொல்லிவிடலாம். களை எடுக்கும் பெண்ணும், கல் உடைக்கும் பெண்ணும், பக்கத்து வீட்டு மருமகளும் ஓட்டத் தொடங்கினால் எத்தனை துணைவகையைத்தான் உருவாக்குவது?

பெண்கள் எதிர்கொண்ட ஏளனத்தையும் இந்த நோக்கில் படிக்கலாம். ஆபாசப் பேச்சையும் கேலியையும் அவர்கள் தாங்க வேண்டியிருந்தது. ‘ஆம்பளை மாதிரி ஓட்டுறா’ என்பது போன்ற பேச்சு, ஓட்டுபவர் ஆண் என்ற விடையைக் காப்பாற்றிக்கொண்டே கண் முன்னால் நடப்பதையும் விழுங்கப் பார்க்கிறது. புதிய அனுபவத்தைப் பழைய சட்டகத்துக்குள் திணிப்பதை உளவியலாளர் ஜான் பியாஜே தன்வயமாக்கல் என்றார். அது முடியாமல் சட்டகமே வளைவது இணக்கமாக்கல். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட சத்தம்தான் அந்தக் கேலி.

மாற்றத்துக்குக் காரணம் மனமல்ல, வெறும் பயன்பாடு என்று இதை மறுக்கலாம். தண்ணீர் எடுக்கவும் விளைபொருளை விற்கவும் பிள்ளையைக் கூட்டிப் போகவும் சைக்கிள் உதவியது என்பது உண்மையே. ஆனால் அந்தப் பயன், பயிற்சி தொடங்கிய 1991இல் புதிதாக முளைத்ததல்ல. குடமும் தூரமும் முன்பும் இருந்தன. ஓட்டுபவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க முடியாதவருக்குப் பயன் கண்ணில் படாது. மறுபுறம், கடனும் பயிற்சியும் இல்லாமல் எண்ணம் மட்டும் மாறியிருந்தால் தெருவில் ஒரு சக்கரமும் சுழன்றிருக்காது. ஆகவே ஸ்கீமாவை மண்டைக்குள் மட்டும் தேடுவது போதாது. அதன் ஒரு பாதி பொருளில், கடன் படிவத்தில், பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் சிராய்ப்பில் இருக்கிறது.

அசைந்தது எவ்வளவு என்பதையும் அளந்தே சொல்ல வேண்டும். ஒரு சட்டகத்தில் ஒரு காலி இடத்தின் விடை மாறினால், அடுத்த சட்டகம் தானாக மாறிவிடாது. சைக்கிளை ஓட்டும் கை நிலப்பட்டாவிலும் பெயர் எழுதும் என்று இந்த ஆதாரத்தைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. சைக்கிள் கடையில்கூட ‘ஜென்ட்ஸ்’, ‘லேடீஸ்’ என்ற இரு பெயர்களும் அப்படியே நீடித்தன. புதுக்கோட்டைப் பெண்கள் அந்த வகைப்பெயரை அழிக்கவில்லை. ‘ஜென்ட்ஸ்’ என்று பெயரிட்ட வண்டியில், அவர்களைத் தடுத்த அதே கம்பியின் மேல், பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார்கள்.