சடைநாயும் கத்தரிக்கோலும்

"நாய்க்குச் சலூனோ?" எங்கட நண்பி ஒருத்தி தன்ர சடைநாயை முடிவெட்டக் கொண்டுபோன கதையைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சாமான் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் இது பணக்காரச் சேட்டை என்று ஒருவர் சொல்லியும்விட்டார். அவள் சிரிக்கவில்லை. காதுக்குப் பின்னால் சிக்குப் பிடித்துக் கட்டியாகியிருந்த மயிரை வெட்டி எடுத்தபோது, அடியில் தோல் புண்ணாகிக் கிடந்ததாம். அதோடுதான் அந்த நாய் இத்தனை நாளும் வாலாட்டித் திரிந்திருக்கிறது. வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, எங்கட சிரிப்புத்தான் பிழை என்று விளங்கியது.

காலிலும் வாலிலும் பந்து பந்தாக மயிர் விட்டு வெட்டிய பூடில் நாயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆடம்பரத்தின் அடையாளமாகவே அதைப் பலரும் நினைக்கிறோம். ஆனால் அது வேட்டைக்காரரின் நாய். தண்ணீரில் சளசளவென்று அடிப்பதைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லில் இருந்துதான் அதன் பெயரே வந்தது. சுடப்பட்ட வாத்துகளைக் குளிர்ந்த நீருக்குள் பாய்ந்து எடுத்து வருவது அதன் வேலை. அடர்ந்த சுருள்மயிர் குளிரைத் தாங்கும். ஆனால் நனைந்தால் பாரமாகி நீந்த விடாது. அதனால் பின்பக்கத்து மயிரை மழித்தார்கள். நெஞ்சிலும் மூட்டுகளிலும் சூட்டுக்காக மிச்சம் விட்டதுதான் பிறகு அந்தப் பந்துகளாக மாறியது என்பது வழமையாகச் சொல்லப்படும் விளக்கம்.

1570இல் ஜோன் கேயஸ் என்ற ஆங்கில மருத்துவர் நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலிலேயே இப்படி மழிக்கப்பட்ட நீர்நாய் வருகிறது. 1621இல் ஜேர்வஸ் மார்க்கம், பறவை வேட்டை பற்றிய தன் நூலில், பின்பாதியை மழிப்பதை ஏற்றுக்கொள்கிறார். உடல் முழுவதையும் மழிப்பது கூடாது, நாய்க்குக் குளிர் பிடிக்கும் என்கிறார். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்ற அறிவு 400 வருடப் பழசு.

பிறகு இந்த நாய் நகரத்து வீடுகளுக்குள் வந்தது. வேட்டை போய்விட்டது, சுருள்மயிர் போகவில்லை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பரிஸில் நாய்முடி வெட்டுவோர் செய்ன் ஆற்றங்கரையிலும் பொன் நெஃப் பாலத்திலும் இருந்து தொழில் செய்தார்கள். மடியில் நாயைக் கிடத்தி மயிர் வெட்டும் பெண்களை அக்காலத்து அச்சுப் படங்களில் காணலாம். பூனைகளுக்கு விதையடிக்கும் வேலையையும் இவர்களே செய்தார்கள். ஆக, இது மாளிகைக்குள் இருந்து வந்த தொழில் இல்லை. அன்றாடம் உழைத்துச் சாப்பிட்ட சனத்தின் கைத்தொழில்.

1919இல் அமெரிக்காவில் லியோ வால் மின்சார முடிவெட்டும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இப்படியான கருவிகள் நாய்களிடமும் வந்து சேர்ந்தன. 1960 முதல் 1982 வரை அமெரிக்காவில் ஆகக் கூடுதலாகப் பதிவான இனம் பூடில். அந்தக் காலத்தில், 1969இல், அங்கே நாய் அலங்கரிப்போருக்கென ஒரு தேசியச் சங்கமும் உருவானது.

அலங்காரம் என்று பெயர் இருந்தாலும், பழகிய கை செய்கிற வேலை வேறு. சிக்கு இறுகினால் தோலை இழுக்கும். ஈரம் தங்கிப் புண்ணாகும். உள்ளே உண்ணி ஒளிந்திருக்கும். நகம் நீண்டு வளைந்தால் நாயின் நடையே மாறும். காது நாறுவதும் புதுக் கட்டி ஒன்று தட்டுப்படுவதும் சீவும்போதுதான் தெரியவரும். அல்சேஷன், பொமேரியன் போன்ற ஈரடுக்கு மயிர் நாய்களை, வெயில் என்று சொல்லி மொட்டையடிக்கக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த மயிர் வெயிலில் இருந்தும் காக்கிறது.

எங்கட ஊர் நாய்க்கு இதெல்லாம் பெரிதாகத் தேவையில்லை. அதன் மயிர் கட்டை; தானே உதிரும். உதிராமல் வளர்ந்துகொண்டே போகும் மயிரை மனிதர்தான் தங்கட தேவைக்காகத் தெரிந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தார்கள். அந்தச் சிக்கை நாய் தானாக அவிழ்க்க முடியாது. வடிவாக இருக்கிறது என்று சடைநாய்க் குட்டி வாங்க நினைக்கும் நண்பர்களே, குட்டியின் விலையோடு சீப்பின் கணக்கையும் சேர்த்துப் போடுங்கோ. அது முடியாதென்றால், தெருவில் ஒரு கட்டைமயிர்க் குட்டி உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.