சப்பாத்தும் அதிகாரமும்

தமிழகத்தார் 'பூட்சு' என்றும் 'ஷூ' என்றும் வழங்குவதை ஈழத்தவராகிய நாம் 'சப்பாத்து' என்கிறோம். இச்சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. 1560 இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை கைமாறிய பின்னரும் சொல் நம்மிடமே தங்கிவிட்டது.

காலணி நமக்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படை ஆயனின் காலைப் பேசுமிடத்துத் 'தொடுதோல்' என்னும் சொல்லை ஆள்கின்றது. விடத்தல் என்னும் முள்மரத்தின் பெயரைத் தன் பெயரிலேயே கொண்ட விடத்தல்தீவு (தீவு எனப்படினும் அது பெருநிலக் கரையூரே) போன்ற இடங்களில் அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. எனினும், தேவையுடையோர் அனைவரும் அதை அணிய விடப்பட்டனரா என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா.

கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடைய வேந்தனொருவன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு வழங்கிய உரிமைகளைக் கருவூர்க் கல்வெட்டொன்று கூறுகின்றது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். வெளியே செல்லுங்கால் செருப்பணியலாம். அரசன் ஆணையிட்டு வழங்கவேண்டிய அளவுக்குச் செருப்பு அரிய உரிமையாயிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மன்னார்க் கரையோடு தொடர்புடைய சான்றும் ஒன்றுண்டு. 1660 இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1679 இல் அருவியாற்றின் வழியே தப்பி, விடத்தல்தீவுக்குத் தெற்கேயுள்ள அரிப்பில் ஒல்லாந்தரை வந்தடைந்தார். 1681 இல் இலண்டனில் வெளியான தம் நூலில், காலுறையும் சப்பாத்தும் அரச உடையெனக் கருதப்பட்டமையால் கண்டி மன்னனையன்றி வேறெவரும் அவற்றை அணியவில்லை என அவர் குறிக்கிறார். பிரபுக்களும் வெறுங்காலினரே! கொங்கு நாட்டில் சாதிகளுக்கிடையே நின்ற வேலி, கண்டியில் அரசனுக்கும் ஏனைய அனைவருக்குமிடையே நின்றது எனலாம்.

ஆங்கிலேயர் கொணர்ந்த தோற்சப்பாத்தில் இருவகை முதன்மையானவை. கயிறு கட்டும் மடல்கள் முன்தோலின் கீழ் தைக்கப்பட்டால் ஒக்ஸ்போர்ட். மேலே தைக்கப்பட்டு விரிந்து திறந்தால் டேர்பி. துளையிட்டு அழகுசெய்யும் புறோக் வகை, அயர்லாந்து, ஸ்கொத்லாந்துக் குடியானவர் சதுப்பு நிலத்தில் நீர் வடிய அணிந்த காலணியிலிருந்து வந்தது என்பர். சேற்றுக்காலின் சப்பாத்தே கனவானின் சப்பாத்தானது வேடிக்கைதான். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையாற் பதனிடப்பட்ட தோல் இங்கிலாந்துக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று.

அத்தோல் சப்பாத்தாகித் திரும்பி வந்தபோது அதனுடன் ஒரு சட்டமும் நின்றது. ஆங்கில அதிகாரியின் முன் இந்தியர் காலணியைக் கழற்றவேண்டும். ஐரோப்பிய உடை அணிந்தோர்க்கு மட்டும் விலக்கு. படித்த வாலிபர் மேனாட்டுச் சப்பாத்தை நாடியதை வெறும் நாகரிக மோகமென்று ஒதுக்குவோர் இவ்விலக்கை மறந்துவிடுகின்றனர். 1862 இல் சூரத்து நீதிமன்றில் மதிப்பீட்டாளராயிருந்த மானக்ஜி கவஸ்ஜி என்டீ காலணியைக் கழற்ற மறுத்தார். உள்ளே செல்லத் தடுக்கப்பட்டார். பம்பாய் ஆளுநருக்கு முறையிட்டு எழுதினார். கோயிலிலும் வீட்டிலும் கழற்றுவோர் நீதிமன்றிற் கழற்றினால் என்ன என்றனர் ஆங்கிலேயர். கோயிலிற் கழற்றுவது தூய்மை கருதி. நீதிமன்றமோ வீடுமன்று, கோயிலுமன்று, பொதுவிடம் என்றனர் இந்தியர். அவ்வழக்குத் தீர்ந்து இந்தியர் சப்பாத்துடன் நீதிமன்றம் புகப் பல ஆண்டுகள் சென்றன.