ஒற்றாடலுக்கு முன் கண்ணோட்டம்

காஞ்சி பல சமயங்கள் பழகிய ஊர். மணிமேகலை அறம் கேட்டுத் தவம் பூண்ட நகர் இது. ஏகாம்பரநாதரும் வரதராசரும் எழுந்தருளிய இவ்வூரின் ஒரு பக்கத்தில், திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. பள்ளிவாசல்களின் பாங்கொலி இவ்வூர்க் காலைப்பொழுதின் ஒரு பகுதி. ஆயினும், பழம்பெருமை மட்டுமே ஓர் ஊரைக் காத்துவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். முஸ்லிம் மாணவி ஒருத்தி எழுந்து, “அம்மா, எங்கள் தெருவுக்குக் காவலர் வந்தால் யாரையோ விசாரிக்கத்தான் வருகிறார். எங்களுக்கு ஒன்று நேர்ந்தால் வருவாரா?” என்று வினவினாள். அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. அவ்வினாவுக்கு அண்மைக்கால வரலாற்றில் விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

குறள் காட்டும் வரிசை

இன்று வழங்கும் அதிகார வைப்பில் ஒற்றாடல் 59ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பவை செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்னும் நான்கு. முறை செய்தல், கொடுமை தவிர்த்தல், குடிகளை அஞ்சச் செய்யாமை, இரக்கம் காட்டல் ஆகிய இவற்றின் பின்னரே ஒற்று வருகிறது. இவ்வரிசையை வெறும் அடுக்காக நான் கருதவில்லை. நீதியின் மீது நம்பிக்கை உள்ள குடிகளே அரசுக்குக் கண்ணும் செவியும் ஆவர். அந்நம்பிக்கை அற்ற இடத்தில் ஒற்று மட்டுமே எஞ்சும். அதுவும் பல நேரங்களில் பிந்தியே செய்தி சொல்லும்.

கோவை தந்த பாடம்

1997 நவம்பர் 29 அன்று கோவை உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொலையுண்டார். கடமையில் இருந்த ஒருவரைக் கொன்ற அச்செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அடுத்து நிகழ்ந்தது இன்னொரு பெருந்தவறு. கொதித்தெழுந்த காவலர் பலர் தம் பணியை மறந்து வீதியில் இறங்கினர். நகரில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டிலும் கும்பல்களின் தாக்குதலிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். காக்க வேண்டிய சீருடையே ஒரு தரப்பாகிவிட்டதென்று ஒரு சமூகம் அன்று எண்ணியது.

அவ்வெண்ணத்தைப் பழிவாங்கும் வெறியாக்க விரும்பியவர்களுக்கு இரண்டரை மாதங்கள் போதுமானவையாக இருந்தன. 1998 பிப்ரவரி 14 அன்று நகரெங்கும் தொடர்ந்து குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அல் உம்மா இயக்கம் தடை செய்யப்பட்டது. 2007இல் தனி நீதிமன்றம் அதன் தலைவர் பாஷா உள்ளிட்ட பலருக்கு ஆயுள் தண்டனை வழங்கியது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையிலிருந்த அப்துல் நாசர் மதானி அதே வழக்கில் விடுதலையானார்.

குண்டு வைத்தவர்களின் குற்றம் அவர்களுடையதே. அதை எந்தக் குறையும் கழுவாது. எனினும், நவம்பரில் நீதி நடுநிலை தவறாதிருந்தால், வன்முறையாளரின் பேச்சு அத்தனை செவிகளில் ஏறியிராது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

தறி ஊர் ஒன்றின் எடுத்துக்காட்டு

மராட்டியத்தின் பிவண்டியும் காஞ்சியைப் போலத் தறியை நம்பி வாழும் ஊரே, அங்கு விசைத்தறி. 1984இல் அவ்வூர் இந்து முஸ்லிம் கலவரத்தில் எரிந்தது. 1988இல் அங்குப் பொறுப்பேற்ற காவல்துறைத் துணை ஆணையர் சுரேஷ் கோபடே, பேட்டைதோறும் ‘மொஹல்லா குழு’க்களை அமைத்தார். இரு சமயத்தாரும் ஒன்றாய் அமர்ந்தனர். பெருந்தலைவர்களை விடுத்து, அத்தெருவின் எளிய மக்களும் அப்பகுதிக் காவலரும் கூடித் தண்ணீர்த் தகராறு முதலான சிறு பூசல்களைப் பேசித் தீர்த்தனர். 1992 டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும் அண்டையிலுள்ள மும்பையில் ஏறத்தாழ 900 பேர் மடிந்தபோது, பிவண்டி அமைதி காத்தது.

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய முயற்சியும் ஒன்றுண்டு. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூர்க் குண்டுவெடிப்பில் படுகாயமுற்றவர்களுள் ஒருவர், அப்போது காஞ்சிபுரத்தில் காவல் அதிகாரியாக இருந்த பிரதீப் பிலிப். வன்முறையைத் தம் உடலில் தாங்கிய அவர், 1993இல் வள்ளல் சீதக்காதியின் கீழக்கரை அடங்கிய இராமநாதபுரம் மாவட்டத்தில் ‘காவல் நண்பர்கள்’ இயக்கத்தைத் தொடங்கினார். பின்னர் அது மாநிலமெங்கும் பரவியது. ஆனால் 2020இல் சாத்தான்குளத்துக் காவல் மரணங்களை அடுத்து அவ்வியக்கத்துக்கு அரசு தடை விதித்தது. காவலருக்கு நண்பராவது வேறு. மக்களுக்குப் பொறுப்புடையவராவது வேறு. பின்னது இன்றி முன்னது நிலைக்காது.

கோவை மீண்டும்

2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்திய நாள், உக்கடம் கோட்டை ஈசுவரன் கோயில் முன் கார் ஒன்று வெடித்து அதை ஓட்டி வந்த இளைஞர் இறந்தார். 1998ஐக் கண்டவர்கள் நடுங்கினர். ஆனால் இம்முறை கலவரம் மூளவில்லை. சில நாட்களில் ஜமாஅத் பிரதிநிதிகள் அக்கோயிலுக்கே சென்று நல்லிணக்கம் தெரிவித்தனர். கோவை தன் காயத்திலிருந்து கற்றிருந்தது.

நம் நெசவாளர் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவும் ஓட்டுவர். இரு நிறங்களும் தத்தம் நிறம் மாறா. ஆனால் ஒவ்வோர் ஊடையிலும் அவை கோக்கப்பட வேண்டும். துணைக்கு மற்றொருவர் தறியருகே இருக்க வேண்டும். நெய்து முடித்தபின் இணைத்துக்கொள்ளலாம் என்றால் அது கோர்வை ஆகாது. காவலருக்கும் மக்களுக்கும் இடையிலான நம்பிக்கையும் அத்தகையதே. காணாமற்போன மிதிவண்டிக்கான புகாரை மதித்துப் பெறும் காவல் நிலையத்துக்குத்தான், தன் மகன் தீயோர் வலையில் சிக்குகிறானோ என்று அஞ்சும் தாயொருத்தி துணிந்து வருவாள். அவளைக் குற்றவாளியின் தாயாக நடத்தாதிருப்பது அந்நிலையத்தின் கடமை.

கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்துக்கும் இதில் பங்குண்டு. ஒருவன் செய்த தீமைக்கு ஓர் இனத்தின் பெயரைச் சூட்டும் சொல்லை நாம் எழுதாதிருப்போம். அம்மாணவிக்கு இன்று நான் சொல்லக்கூடிய விடை இதுவே: “உனக்கு ஒன்று நேர்ந்தால் காவலர் வரவேண்டும், அம்மா. அவர் வருவார் என்று நீ நம்பும் நாளில்தான், அவர் விசாரிக்க வரும்போதும் உன் தெரு அஞ்சாமல் கதவு திறக்கும்.”