காவலில் எடுத்த ரத்தம்

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, 1986 பிப்ரவரியில் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். கொண்டுபோனவை எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள். பேராசிரியர் சுனிதி சாலமன் அவருக்குக் கொடுத்திருந்த ஆய்வுப் பொருள் எய்ட்ஸ். மும்பையிலும் புனேயிலும் நூற்றுக்கணக்கானோரைச் சோதித்தும் அந்தத் தொற்று தென்படவில்லை. சென்னையில் மட்டும் இருந்துவிடுமா என்ற ஐயம் மாணவிக்கே இருந்தது. சோதிக்கும் வசதியும் அன்று சென்னையில் கிடையாது. பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்களை மாஜிஸ்ட்ரேட்டுகள் அனுப்பிவைத்த இடம், விஜிலென்ஸ் ஹோம் என்று வழங்கிய அரசுக் காப்பில்லம். கணவரின் ஸ்கூட்டரில் அங்கே போய், கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, சொந்த வீட்டுக் குளிர்பெட்டியில் நிர்மலா சேர்த்துவைத்த மாதிரிகள் அவை. வேலூரில் எலைசா சோதனை செய்தபோது, தொற்றுக்கு அடையாளமாக, ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்தார்கள். அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தபோது, இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாறு ஏட்டில் ஏறியது.

அந்த வரலாற்றின் முதல் பக்கம் காவலில் இருந்த பெண்களின் ரத்தத்தால் எழுதப்பட்டது. அவர்கள் வைத்தியம் தேடி வந்தவர்கள் இல்லை. எதற்காக ஊசி குத்துகிறார்கள் என்பது அவர்களிடம் சொல்லப்படவில்லை. வழக்கமாகப் பார்க்கும் பால்வினை நோய்களுக்காக என்றே நினைத்தார்கள் என்று நிர்மலாவே பிற்பாடு ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். நாட்டுக்கு அவர்கள் கொடுத்தது பெரியது: நோய் நம் நடுவே வந்துவிட்டது என்ற எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைத்தது. நாடு அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது பூட்டு. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள், காவல் காலம் முடிந்த பிறகும் வெளியே விடப்படவில்லை. எச்.ஐ.வி. உள்ள கைதிகளுக்குப் பரிசோதனை, ஆலோசனை, மருந்து, விடுதலைக்குப் பின் துணை ஆகியவற்றைச் செய்து தருவதை அரசின் கருணையாகப் பேசுவது நம் வழக்கம். கடந்த நாற்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் அதைக் கடன் என்று சொல்வதே பொருந்தும். அடைபட்டவர்களிடமிருந்து சமூகம் முதலில் அறிவைப் பெற்றுக்கொண்டது. அந்த அறிவின் பயனை அவர்களுக்குக் கொடுக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது.

அன்றைய நிலையில் வேறென்ன செய்திருக்க முடியும், நோயே புதிதல்லவா, அச்சம் இயல்புதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிற்பதில்லை. எய்ட்ஸ் முதன்முதலில் மருத்துவ ஏட்டில் பதிவானது 1981இல். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் கிருமியைப் பிரித்தெடுத்தது 1983இல். தொடுவதாலும் உணவாலும் நீராலும் காற்றாலும் இது பரவுவதில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த 1983லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, சென்னையில் ஆறு மாதிரிகள் மஞ்சளானபோது பரவும் வழிகள் தெரிந்தவைதான். மருந்தோ இல்லை, ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987இல்தான். காவலில் வைத்துக் கொடுக்க எந்தச் சிகிச்சையும் இல்லாதபோது, அந்தக் காவலை மருத்துவ நடவடிக்கை என்று எப்படிச் சொல்வது? ஊரைக் காப்பதற்காக என்றால், அந்தப் பெண்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் தேடவில்லை. காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பியே ரத்த வங்கிகள் நடந்தன. அந்த விற்பனைக்கு உச்ச நீதிமன்ற ஆணையால் தடை வந்தது 1998 ஜனவரியில். கிருமி நுழையும் வாசல்கள் திறந்தே கிடக்க, பிடிக்கு எளிதாக அகப்பட்டவர்கள்மேல் மட்டும் கதவு சாத்தப்பட்டது.

பிடிக்கு அகப்பட்டவர் பாலியல் தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதைக் கோவா காட்டியது. அங்கே பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, எச்.ஐ.வி. தொற்றுள்ளவரைத் தனிமைப்படுத்த வழிசெய்திருந்தார்கள். அடிக்கடி ரத்ததானம் செய்துவந்த டொமினிக் டிசூசா என்ற இளைஞரின் ரத்தத்தில் தொற்று இருப்பது 1989இல் தெரிந்ததும், போலீஸ் அவரைக் கொண்டுபோய்ப் பழைய காசநோய்க் கட்டடம் ஒன்றில் அடைத்தது. 64 நாட்கள் அங்கே இருந்தார். குற்றம் எதுவும் இல்லை. தானம் கொடுத்ததுதான் அவர் செய்தது. தாய் லூசி டிசூசா பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தனிமனித உரிமையும் பொதுநலனும் மோதினால் பொதுநலனே மேலோங்கும் என்று சொல்லி நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. அதே ஆண்டில் மாநிலங்களவைக்கு வந்த எய்ட்ஸ் தடுப்பு மசோதாவும் இந்தக் கட்டாயப் பாதையில்தான் நடந்தது. எதிர்ப்பு வலுத்ததால் கைவிடப்பட்டது. விடுதலையான டொமினிக், சாவதற்குள் ஒரு காரியம் செய்தார். தொற்றுள்ளோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் துணையாக ‘பாசிடிவ் பீப்பிள்’ என்ற அமைப்பை 1992இல் தோழியுடன் சேர்ந்து தொடங்கினார். அந்த ஆண்டே இறந்தும் போனார். அடைபட்ட அனுபவத்திலிருந்தே ஆதரவு அமைப்பு முளைத்ததை இங்கே முதலில் பார்க்கிறோம்.

சென்னையிலும் அப்படித்தான் நடந்தது. காப்பில்லத்தில் முடங்கிக் கிடந்த பெண்களுக்காகப் பத்திரிகையாளர் ஷியாமளா நட்ராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல் நீதிமன்ற ஆணையால் அவர்கள் வெளியே வந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத் தென்னிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம் என்ற அமைப்பு வளர்ந்து, பாலியல் தொழிலாளர்களிடையே ஆலோசனைப் பணி செய்தது. சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எய்ட்ஸ் மையத்தைத் தொடங்கினார். அதே காலத்தில் தாம்பரம் சானடோரியம் மற்ற மருத்துவமனைகள் கைவிட்டவர்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது. காசநோயாளிகளுக்காக 1928இல் எழுந்த அந்த வளாகம் மறுபடியும் ஒதுக்கப்பட்டவர்களின் இடமானது. தொற்றோடு வாழ்பவர்களே கூடி 1997இல் ஒரு தேசியக் கூட்டமைப்பையும், மறு ஆண்டு நாமக்கல் கௌசல்யா முன்னின்று பெண்களுக்கெனத் தனி அமைப்பையும் தமிழ்நாட்டிலிருந்து உருவாக்கினார்கள். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் முதல் மையங்களில் ஒன்றாக இருந்ததும், பரிசோதனை நிலையங்களுக்கு இங்கே ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வந்ததும் இந்தப் பின்னணியில்தான். பூட்டைத் திறந்தால் நோய் கட்டுமீறும் என்று அஞ்சினார்கள். திறந்த பிறகே ஆட்கள் தாமாகப் பரிசோதனைக்கு வரக்கூடிய இடங்கள் உண்டாயின.

சிறைக் கைதிகளைக் காப்பில்லப் பெண்களோடு ஒப்பிடலாமா, குற்றம் செய்து உள்ளே போனவர்களிடம் சக மனிதருக்கு உதவும் பொறுப்பை எதிர்பார்க்க முடியுமா என்ற மறுப்பு இங்கே எழும். அதற்கு நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறை விடை சொல்கிறது. 1980களின் பிற்பகுதியில் அந்த மாநிலச் சிறைகளுக்குள் புதிதாக வந்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. உள்ளே அச்சம் மண்டிக் கிடந்தது: தொற்றுள்ளவர் உட்கார்ந்த நாற்காலி, குடித்த கோப்பை எல்லாமே சந்தேகத்துக்குரியவை. 1988இல் கேத்தி பூடின், ஜூடித் கிளார்க், கட்ரீனா ஹாஸ்லிப் உள்ளிட்ட கைதிகள் கண்காணிப்பாளர் எலைன் லார்டின் அனுமதி பெற்று, எய்ட்ஸ் ஆலோசனைக்கும் கல்விக்குமாக ‘ஏஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். சிறை மருத்துவப் பிரிவில் கிடந்தவர்களின் அருகில் உட்கார்ந்தார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். பரிசோதனை முடிவு கேட்டு உடைந்துபோனவர்களைத் தேற்றினார்கள். தன் தொற்றை வெளிப்படையாகச் சொன்ன ஹாஸ்லிப், விடுதலையான பிறகு வெளியே வரும் பெண்களுக்காக அதே பணியைத் தொடர்ந்தார். எய்ட்ஸுக்கு அரசு வைத்திருந்த இலக்கணம் ஆண்களின் நோய்க்குறிகளை வைத்தே எழுதப்பட்டது, அதனால் பெண்கள் உதவித்தொகைகூடக் கிடைக்காமல் சாகிறார்கள் என்று போராடியவர்களில் அவர் முன்னணியில் நின்றார். 1992 டிசம்பரில் இறந்தார். அடுத்த மாதம், 1993 ஜனவரியில், கருப்பைவாய்ப் புற்றுநோயையும் சேர்த்து விரிவாக்கிய இலக்கணம் நடைமுறைக்கு வந்தது. முன்னாள் கைதி ஒருவர் முன்னின்ற போராட்டம் ஒரு நாட்டின் மருத்துவ வரையறை மாறக் காரணமாயிற்று. சிறைக்குள் அறிவும் பொறுப்பும் விளையாது என்பவர்கள் இந்த ஒரு சிறையைப் பார்த்தாலே போதும்.

நம் நாட்டில் இதே காலத்தில் திகார் சிறையில் நடந்தது வேறு. அங்கே ஆண் கைதிகளிடையே உடலுறவு நடக்கிறது, ஆணுறை கொடுக்க வேண்டும் என்ற பரிந்துரை 1994இல் வந்தபோது, சிறைத்துறைத் தலைவராக இருந்த கிரண் பேடி மறுத்தார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு குற்றம் என்று சொல்வதற்கு அரசே கருவி கொடுப்பதா என்பது வாதம். எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற தன்னார்வக் குழு அந்தப் பிரிவையே எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. வழக்கு பல ஆண்டுகள் இழுத்துக் கடைசியில் தள்ளுபடியானது. சிறை ஒழுக்கத்தைக் காப்பது நிர்வாகத்தின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. கண்காணிப்புக்கு உட்பட்ட இடத்தில் நடப்பதை ஏற்றுக்கொள்வதாகத் தோன்றும் தயக்கமும் புரிகிறது. ஆனால் ஒரு சட்டப்பிரிவை மீறியதற்குச் சட்டம் சொல்லும் தண்டனை ஒன்று உண்டு. தீராத தொற்று அந்தத் தண்டனைப் பட்டியலில் இல்லை. சுவிட்சர்லாந்து 1990களின் தொடக்கத்திலேயே சில சிறைகளில் சுத்தமான ஊசிகளைக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தது. போதைப் பழக்கத்தை அங்கே யாரும் அங்கீகரிக்கவில்லை. உள்ளே வந்தவர் வந்ததைவிட மோசமான நோயோடு திரும்பக் கூடாது என்று முடிவுசெய்தார்கள், அவ்வளவே. நம் 377ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தோரின் இசைவான உறவை உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கிய பின், அந்தப் பழைய வாதம் நின்ற தரையே போய்விட்டது.

எல்லா மறுப்புகளிலும் கனமானது கடைசியாக வருவது: வெளியே ஏழைகளுக்கே வைத்தியம் எட்டாதபோது கைதிக்கு என்ன முன்னுரிமை? இந்தக் கேள்வி ஏழையையும் கைதியையும் இரண்டு இனமாகப் பிரித்துவிடுகிறது. நம் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கட்ட வழியில்லாத ஏழைகள் அவர்களில் ஏராளம். வெளியே இருக்கும் ஏழை, கடன் வாங்கியாவது, கால்கடுக்க நின்றாவது பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். உள்ளே இருப்பவர் போக முடியாதபடி சாவியை வைத்திருப்பது அரசு. சாவியைக் கையில் வைத்திருப்பவரிடம் பொறுப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஊரின் நலனுக்காகப் பேசுபவர்களுக்கும் மருத்துவமே பதில் தந்துவிட்டது. சென்னையும் ஒரு மையமாக இருந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, தொற்றுள்ளவருக்கு முன்கூட்டியே கூட்டு மருந்து கொடுத்தால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் காட்டியது. கோவா வழக்கில் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்பட்ட தனிமனித உரிமையும் பொதுநலனும் ஒரே மாத்திரைக்குள் வந்து சேர்ந்துவிட்டன. இன்று சிறைவாசிக்கு மருந்தை மறுப்பவர், வெளியே காத்திருக்கும் அந்தச் சிறைவாசியின் மனைவிக்கும் சேர்த்தே மறுக்கிறார்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தில், அரசின் காவலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றைப் பெறும் உரிமை உண்டு என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. விவரம் சொல்லி ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. காவலில் உள்ளோர் யார் யார் என்று அடுக்கும்போது, தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி ஆகியோரோடு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டவர்களையும் அது பெயர்சொல்லிச் சேர்க்கிறது. 1986இல் ஒன்றும் சொல்லப்படாமல் கை நீட்டிய அந்தச் சென்னைப் பெண்களின் இடம் அதுதான். ஏட்டில் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. தீர்ந்ததா என்பதை விடுதலை நாளன்று சிறை வாசலில் பார்க்கலாம். ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை வெளியே வருபவர் பையில் இருக்கிறதா, சொந்த ஊருக்கு அருகிலுள்ள சிகிச்சை மையத்துக்கான சீட்டு கையில் இருக்கிறதா, அங்கே அவரைப் பெயர் சொல்லி வரவேற்க ஓர் ஆள் இருக்கிறாரா? இந்த மூன்றும் இருந்தால், காவலில் எடுத்த ரத்தத்துக்கு ஈடாக நாம் ஏதோ திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.