எதிர்வரிசையின் முதல் இருக்கையும் தருமபுரியின் வாக்குகளும்

எதிர்க்கட்சித் தலைவர் என்றால் ஆளுங்கட்சிக்கு எதிராக வாக்குக் கேட்டுப் பேரவைக்கு வந்தவர் என்றே நினைக்கிறோம். தமிழகத்தில் 1984, 1991, 1996, 2011 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர்கள் வென்ற கூட்டணியின் மேடையில் நின்று வாக்குக் கேட்டவர்கள். தலைவர்களின் ஆளுமையைவிடக் கூட்டணிக் கணக்கே இப்பதவியின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அதை உரசிப் பார்க்கத் தருமபுரி மாவட்டம் ஏற்ற களம்.

தொடக்கம் வேறு மாதிரி இருந்தது. 1952-இல் சென்னை மாநிலப் பேரவையின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களையே பிடித்தது. 62 இடங்களை வென்ற கம்யூனிஸ்ட் கட்சியின் டி. நாகி ரெட்டி எதிர்க்கட்சித் தலைவரானார். மறு ஆண்டு ஆந்திரம் பிரிந்ததும், சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் வென்றிருந்த பி. ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். 1957-இல் பொறுப்பு வி. கே. ராமசாமி முதலியாரிடம் போனது. அவர் காங்கிரஸிலிருந்து பிரிந்த சீர்திருத்தக் குழுவைச் சேர்ந்தவர். முதன்முறையாகக் களம் கண்ட தி.மு.க. அப்போது 15 இடங்களோடு பின்வரிசையில் இருந்தது. 1962-இல் அக்கட்சி 50 இடங்களைப் பெற்றும் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். எனவே நெடுஞ்செழியன் தலைவரானார். 1967-இல் காட்சி தலைகீழாகி, காங்கிரஸின் பி. ஜி. கருத்திருமன் எதிர்வரிசைக்கு வந்தார். சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த தருமபுரி தனி மாவட்டமானது இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1965-இல்.

எம்.ஜி.ஆர். காலத்தில் கருணாநிதி இப்பதவியில் இருந்தார். இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக 1983-இல் அவர் உறுப்பினர் பதவியைத் துறந்தார். அதற்கடுத்த பொதுத்தேர்தலில்தான் முதல் விசித்திரம். அ.தி.மு.க.வோடு சேர்ந்து 61 இடங்களை வென்ற காங்கிரஸின் ஓ. சுப்பிரமணியன் எதிர்க்கட்சித் தலைவரானார். உண்மையான எதிரியான தி.மு.க.வுக்குக் கிடைத்தது 24. அமைச்சரவையில் இடம் தராத கூட்டணி, இடம் பெறாத கூட்டாளியை எதிர்வரிசையின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. 1991-இல் காங்கிரஸின் எஸ். ஆர். பாலசுப்பிரமணியமும், 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸின் சோ. பாலகிருஷ்ணனும் இதே வழியில்தான் வந்தார்கள். இவர்களிடம் கடுமையான எதிர்ப்பை எதிர்பார்த்திருந்தால் அது எதிர்பார்த்தவரின் பிழை.

இவற்றுக்கு நடுவே 1989 வருகிறது. அ.தி.மு.க.வின் ஜெயலலிதா அணி 27 இடங்களோடு வர, அவர் இப்பேரவையின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். மார்ச் 25-ஆம் நாள் அவையில் நடந்த அமளிக்குப் பின், முதலமைச்சராகத்தான் திரும்புவேன் என்று சூளுரைத்து வெளியேறினார். 1991-இல் அவர் திரும்பிவந்தது பர்கூர் தொகுதியின் உறுப்பினராக. கிருஷ்ணகிரி 2004-இல் பிரியும் முன் பர்கூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அதே பர்கூர் 1996-இல் தி.மு.க.வின் சுகவனத்தைத் தேர்ந்தெடுத்து ஜெயலலிதாவைத் தோற்கடித்தது. வென்றிருந்தாலும் எதிர்க்கட்சித் தலைவர் ஆகியிருக்க வாய்ப்பில்லை. அவர் கட்சிக்குக் கிடைத்தவை நான்கே இடங்கள். அத்தேர்தலில் பா.ம.க.வுக்கும் நான்குதான், அதில் ஒன்று பென்னாகரம், வென்றவர் ஜி. கே. மணி.

பென்னாகரம் இன்னொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. ஜெயலலிதா மீண்டும் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, 2010 மார்ச்சில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. தி.மு.க. வென்றது, பா.ம.க. இரண்டாம் இடம், முதன்மை எதிர்க்கட்சியான அ.தி.மு.க. மூன்றாம் இடம். ஓராண்டு கழித்து அதே கட்சி ஆட்சியைப் பிடித்தது. இடைத்தேர்தலை வைத்து ஆரூடம் சொல்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

2011-இல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்களைப் பெற்ற தே.மு.தி.க. தி.மு.க.வின் 23-ஐ முந்தியது. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். தருமபுரி தொகுதியும் அவர் கட்சிக்கே கிடைத்தது. 2012 பிப்ரவரியில் அவையில் நடந்த மோதலோடு உறவு முறிந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு 234 பேர் கொண்ட அவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் தேவை. 2016 பிப்ரவரியில் அதிருப்தி உறுப்பினர்கள் விலகியதும் எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கி, விஜயகாந்த் பதவியை இழந்தார்.

தருமபுரியின் கை உண்மையிலேயே ஓங்கியிருந்தது 2019-இல்தான். 2016-இல் 89 இடங்களை வென்ற தி.மு.க.வின் ஸ்டாலின் அப்போது எதிர்க்கட்சித் தலைவர். அவ்வளவு பலமான எதிர்வரிசை தமிழகத்தில் அபூர்வம். 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 அ.தி.மு.க. உறுப்பினர்களில் இருவர் இம்மாவட்டத்தவர்: பாப்பிரெட்டிப்பட்டியின் பழனியப்பன், அரூரின் முருகன். அ.தி.மு.க. ஆட்சி நிற்குமா கவிழுமா என்பது 22 இடைத்தேர்தல்களில் தொங்கியது. தி.மு.க. 13-ஐ வென்றது, அ.தி.மு.க. 9-ஐ வென்று தப்பித்தது. அந்த ஒன்பதில் அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அடக்கம். அதே நாளில் தருமபுரி மக்களவைத் தொகுதி தி.மு.க.வின் செந்தில்குமாரிடம் போனது. டெல்லிக்கு ஒரு கட்சி, கோட்டைக்கு இன்னொரு கட்சி என்று ஒரே நாளில் பிரித்துப் போட்ட வாக்குகள், எதிர்க்கட்சித் தலைவரின் முதலமைச்சர் கனவை இரண்டாண்டு தள்ளிவைக்க உதவின.

2021-இல் ஆட்சி மாறியபோது மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் தோற்ற கூட்டணியின் பக்கம் நின்றன. பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் அ.தி.மு.க.வுக்கு, தருமபுரி, பென்னாகரம் பா.ம.க.வுக்கு. 66 இடங்களோடு எடப்பாடி பழனிசாமி எதிர்க்கட்சித் தலைவரானார். 2001 முதல் பாலக்கோட்டை விடாமல் வைத்திருந்த கே. பி. அன்பழகன், அமைச்சர் இருக்கையிலிருந்து எதிர்வரிசைக்கு மாறினார். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே அணியாக இருந்தது சில மாதங்களே. செப்டம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் தனித்துப் போட்டி என்று பா.ம.க. அறிவித்தது. ஒரே கூட்டணியாக வாக்குப் பெற்ற ஐவரில் மூவர் எதிர்க்கட்சித் தலைவரின் பின்னால் இருக்க, ஜி. கே. மணி தலைமையிலான ஐவர் கொண்ட பா.ம.க. குழுவில் மற்ற இருவரும் தனியே நின்றார்கள்.