ஓநாய்–நாய்க் கலப்பினம்

ஓநாயும் வீட்டு நாயும் கலந்து பிறக்கும் விலங்கு. ஓநாயைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்ல, பள்ளிகளுக்கும் முகாம்களுக்கும் கூட்டிச்செல்லும் ‘தூது விலங்காக’ இது அமெரிக்காவில் பயன்பட்டுவருகிறது. இந்தியாவில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. இங்கு இக்கலப்பு ஓநாய்க்கு வந்த கேடாகவே கருதத்தக்கது.

வகைப்பாடு: லின்னேயஸ் 1758இல் ஓநாயையும் நாயையும் தனித்தனிச் சிற்றினங்களாகப் பெயரிட்டார். ஆனால் நாயை ஓநாயின் துணையினமாகவே கொள்வோரும் உண்டு. இரண்டுக்கும் குரோமோசோம்கள் 78. கருக்காலமும் ஏறத்தாழ 63 நாள்தான். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை மலடாக நின்றுவிடுகிறது. ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்தது தானும் குட்டி போடும். நாயின் மரபணு ஓநாய்க் கூட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாகப் பரவ இதுவே வழி. வேறுபாடும் உண்டு: ஓநாய் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே இனம்சேரும். பெரும்பாலான நாய்கள் இருமுறை பருவத்துக்கு வரும்.

இந்தியச் சமவெளி ஓநாயைத் தக்காணத்திலிருந்து 1831இல் விவரித்துப் பெயரிட்டவர் வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. இமயத்து ஓநாயைவிட மெலிந்தது, உரோமம் குட்டையானது, கால் நீண்டது. இன்று உயிரோடுள்ள ஓநாய் மரபுகளுள் மிகப் பழையதாகக் கிளைத்தவற்றில் இதுவும் ஒன்று என 2021இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. கலப்பால் இழக்கப்படுவது இத்தனை பழைய மரபு என்பதைக் கவனிக்க வேண்டும்.

செந்நாயை ஓநாயோடு குழப்புவோர் தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் பலர். கொடைக்கானல் மலைக்காடுகளில் திரியும் செந்நாய் வேறு பேரினம். வாயைத் திறந்து பார்த்தாலே தெரியும்: நாய்க்கும் ஓநாய்க்கும் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் பின்கடைவாய்ப் பற்கள் மூன்று, செந்நாய்க்கு இரண்டே. நாட்டு நாய்களில் செந்நாய் ரத்தம் ஓடுகிறது என்பது நாய் வளர்ப்போரின் பெருமைப் பேச்சு. கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாமே நாய்கள்தாம்.

திட்டமிட்ட கலப்பு: நெதர்லாந்தின் லீண்டர்ட் சார்லூஸ் 1930களில் ஜெர்மன் ஷெப்பர்டையும் ஓநாயையும் கலந்தார். உழைக்கும் நாய் வேண்டித் தொடங்கியது, கூச்ச சுபாவமுள்ள ஓர் இனத்தில் முடிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1955இல் கரேல் ஹார்ட்ல் தொடங்கிய சோதனையிலிருந்து செக்கோஸ்லோவாக்கிய ஓநாய்நாய் உருவானது; முதல் கலப்புக் குட்டிகள் 1958இல் பிறந்தன. பெங்களூரில் ஒருவர் 50 கோடி ரூபாய் கொடுத்து ஓநாய்நாய் வாங்கியதாக 2025இல் நாடெங்கும் பேசப்பட்டது. அமலாக்கத் துறை அவர் வீட்டைச் சோதனையிட்டபின் அக்கதையின் சாயம் வெளுத்தது.

பொதுக்கல்வியில்: ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1985இல் தோற்றுவித்த மினசோட்டாவின் சர்வதேச ஓநாய் மையமும், 1972 முதல் இயங்கும் இண்டியானாவின் ஓநாய்ப் பூங்காவும் தூய ஓநாய்களையே மக்களுக்குக் காட்டுகின்றன. மனிதரோடு பழக, கண் திறக்கும் பருவத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்க வேண்டும். கலப்பினத் தூது விலங்குகளின் கதை வேறு. ஆசைக்கு வாங்கியவர்கள், விலங்கு வளர்ந்து அடங்காமல் போனதும் கைவிடுகிறார்கள், காப்பகங்கள் ஏற்கின்றன, அவற்றுள் சாதுவானது பள்ளிக்கூடம் போகிறது. தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு ஓநாய்ப் பயம் போகும் என்பர். போகலாம். ஆனால் மனிதரைக் கண்டால் விலகி ஓடுவதே காட்டு ஓநாயின் இயல்பு. அதை மடியில் தலைவைக்கும் விலங்கு கற்பிக்காது. வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசையையே அது கிளப்பிவிடும். ஓநாய்க் கலப்பினத்துக்கென உரிமம் பெற்ற வெறிநோய்த் தடுப்பூசியும் அமெரிக்காவில் கிடையாது.

இந்தியாவில்: 1875 முதல் 1925 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் வெகுமதிக்காகக் கொல்லப்பட்ட ஓநாய்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எஞ்சியவை ஏறத்தாழ 3,100. பெரும்பகுதி காட்டுக்கு வெளியே, மேய்ச்சல் நிலத்தில் வாழ்கின்றன. அங்கே கோழிக்கழிவைத் தின்று பெருகிய தெருநாய்கள் அவற்றைச் சூழ்ந்துள்ளன. புனே அருகே கண்ட வழக்கமில்லாத நிறமுள்ள விலங்குகள் கலப்பினமே என்பதை 2023இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. ஓநாய் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதற்கென அமைந்த சரணாலயங்களுள் ஜார்க்கண்டின் மகுவாடாண்ட் 1976இல் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டத்துப் பங்காபுரா பின்னர் வந்தது.

திண்டுக்கல் சமவெளி: வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பாறைக்கரடும் தரிசும் ஆடுகளும் ஓநாய்க்கு ஏற்றவையே, ஓநாய்க் கூட்டம் மட்டும் இன்று இல்லை. அதன் வேலையைத் தெருநாய் எடுத்துக்கொண்டது. ஆட்டுக்கிடை போடுவோர் இரவில் காவல் இருப்பது நாய்க்கூட்டத்துக்கு அஞ்சித்தான். தெருநாய் கடித்துச் சாகும் கால்நடைகளுக்குத் தமிழக அரசு 2025இல் இழப்பீடு அறிவித்தது. ஓநாயைப் பற்றி இங்கு யாராவது பேசுவதென்றால், பழக்கிய கலப்பினம் எதுவும் வேண்டாம். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையில் நின்று பேசினாலே போதும். உண்மையான ஓநாயைப் பார்க்க விரும்பும் திண்டுக்கல்காரர் வண்டலூர் அல்லது மைசூரு விலங்குக்காட்சிச் சாலைக்குப் போக வேண்டும்.