சென்னை மரங்களும் மாந்தரும்

ஒரு நகரின் வரலாறு என்றால் கோட்டையையும் கோயிலையும் ஆண்டவரையும் பற்றி எழுதுவதே வழக்கம். அந்நகரில் பல தலைமுறைகளுக்கு நிழல் தந்து நின்ற மரங்களுக்கோ வரலாற்றில் இடமில்லை. அவற்றைக் காத்தவர் யாவர், எதனாற் காத்தனர் என்னும் வினாவிற்குச் சென்னை நகரைக் கொண்டு விடை காண முயல்வோம்.

சென்னையில் மரங்கள் ஊர்ப்பெயரிலும் வழிபாட்டிலும் வாழ்கின்றன. புரசு மரத்தாற் பெயர் பெற்றது புரசைவாக்கம். அவ்வூர்க் கங்காதீசுவரர் கோயிலின் தலமரமும் புரசே. மயிலாப்பூரின் தலமரம் புன்னை. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பூம்பாவைத் திருப்பதிகத்தில் மயிலைப் புன்னையைப் பாடியுள்ளார். திருவொற்றியூருக்கு உரியது மகிழமரம். சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் அம்மரத்தடியிற் சூளுரைத்ததையும், சூள் தவறிக் கண்ணொளி இழந்ததையும் பெரியபுராணம் விரித்துரைக்கும். இம்மரங்களுக்கு வேலியாய் அமைந்தது சட்டம் அன்று. மக்கள் நெஞ்சில் நின்ற கதையே ஆகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மரங்களின்மீது வேறொரு நாட்டம் பிறந்தது. தாவரவியல் அறிஞரான மருத்துவர் இராபர்ட் வைட்டின் முயற்சியால் 1835-இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. பிறநாட்டு மரங்களும் காலப்போக்கில் நம் தெருக்களில் இடம்பெற்றன. மடகாஸ்கர் தீவுக்குரிய மயிற்கொன்றை கோடையிற் செந்நிறப் பந்தலிட்டது. அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய தூங்குமூஞ்சி மரம் சாலையின் இருமருங்கும் குடை விரித்தது. வழிப்போக்கரும் வண்டிக்காரரும் அந்நிழலை நன்கு துய்த்தனர். ஆனால், தலமரத்திற்கு இருந்ததுபோல் அவற்றிற்கு உரிமை கொண்டாடுவார் இல்லை. பொதுச்சொத்து என்பது எவர்க்கும் உரியதன்று என்றாகிவிட்டது.

அடையாற்று ஆலமரம் இதற்கு விலக்கு. 1882-இல் அடையாற்றில் நிலைகொண்ட பிரம்மஞான சபையின் தோட்டத்தில் உள்ள இம்மரத்தின் வயது நானூறு ஆண்டுகளுக்கு மேல் என்பர். அன்னி பெசண்ட் அம்மையாரும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அதன் நிழலில் உரையாற்றியுள்ளனர். 1989-இல் வீசிய கடுங்காற்றில் தாய்மரம் சாய்ந்தது. எனினும் விழுதுகள் மண்ணில் ஊன்றி மரத்தை வாழ்விக்கின்றன. செல்லரித்த ஆலை விழுது தாங்குவதுபோல் தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என்ற நாலடியார் உவமையை அங்கே கண்கூடாகக் காணலாம்.

தெருமரங்களுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. அவற்றுட் பிறநாட்டு மரங்களே மிகுதி என்று பலரும் சுட்டினர். ஆயினும் பழியை மரத்தின்மேற் சுமத்துவது முறையாகாது. அடிமரம் வரை சிமெண்ட் பூசி நீர் புகவொட்டாமல் தடுத்ததும், குழாய்க்கும் கம்பிக்குமாக வேர்களை அறுத்ததும் நாமே அன்றோ?

இந்நிலையை மாற்ற முன்வந்தோரும் நம்மிடையே உள்ளனர். 2005-இல் தொடங்கப்பெற்ற ‘நிழல்’ என்னும் அமைப்பு, மக்களைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று மரங்களின் பெயரையும் இயல்பையும் அறிமுகம் செய்தது. மரங்களில் அறையப்பட்ட ஆணிகளையும் விளம்பரப் பலகைகளையும் தன்னார்வலர் அகற்றினர். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டப்பட்டு வந்த நிலம், 2006-இல் தொடங்கிய அவர்தம் உழைப்பால் நம் நாட்டு மரங்கள் செறிந்த சோலையாயிற்று.

இம்முயற்சி மரத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதில் தொடங்கியது என்பது கருதத்தக்கது. பெயர் அறியாத மரம் வெட்டுண்டால் ‘ஒரு மரம் போயிற்று’ என்று கடந்துவிடுவோம். பெயரறிந்து பூக்கும் பருவமும் அறிந்த மரம் வெட்டுண்டால் வீட்டில் ஒருவரை இழந்தாற்போற் கலங்குவோம். வெட்ட வருவோரைத் தடுத்தும் நிற்போம். பண்டு கதை செய்த காவலை இன்று இவ்வறிவு செய்ய வல்லது.

புரசைவாக்கத்தில் நாள்தோறும் நடமாடுவோருள் புரசு மரத்தைக் கண்டறிந்து சொல்லவல்லார் எத்தனை பேர்? ஊர்ப்பெயரில் மட்டும் மரம் எஞ்சும் நிலை பிற மரங்களுக்கும் வாராதிருக்க வேண்டுமாயின், நம் வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரை இன்றே கேட்டறிவோம்; நம் பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லிவைப்போம்.